உறக்கம் அறத்தின் கூலியா?

மனச்சான்று தூய்மையாக உள்ளவனுக்குப் பாயும் வேண்டா, தலையணையும் வேண்டா. படுத்த இடத்தில் உறங்கிவிடுவான் என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நன்னெறிப் பாட வேளைகளில் மாணவர்களுக்கு இதனை நானே பன்முறை எடுத்துரைத்திருக்கிறேன். அப்போதெல்லாம் இக்கூற்றின்மீது எனக்கு ஐயம் எழுந்ததே இல்லை. காரணம் எளியது. அந்நாளில் எனக்கு உறக்கம் வந்தது. உறக்கம் வாய்த்தவன் உறக்கத்தைப் பற்றி அறவுரை சொல்வது, வயிறார உண்டவன் நோன்பின் மாண்பைப் பேசுவது போன்றது.

ஐம்பத்தொன்றாம் வயதில் எனக்கு உறக்கம் போயிற்று. ஏதோ ஒரு நாளில் போனதாகச் சொல்ல முடியவில்லை. முதலில் பதினொரு மணி பன்னிரண்டாயிற்று. பின்னர்ப் பன்னிரண்டு இரண்டாயிற்று. சுவர்க் கடிகாரத்தின் ஓசை பகலில் எங்கே ஒளிந்திருந்தது என்று வியக்கும் அளவுக்கு இரவில் உரத்தது. மூன்று மணிக்கு மேல் தெருநாய்கள் ஓய்ந்துவிடும். பின்னர்த் தொழிற்சாலைப் பேருந்து ஒன்று திருப்பத்தில் உறுமிச் செல்லும். விடியற்காலைத் தொழுகைக்கான அழைப்பு பள்ளிவாசலிலிருந்து எழும்போதுதான் கண் சொக்கும். நான் எழவேண்டிய நேரமும் அதுவே. வாரத்தில் மூன்று இரவுகளுக்குக் குறையாமல் மூன்று திங்களுக்கு இந்நிலை நீடிக்குமானால் அதனை நாட்பட்ட உறக்கமின்மை என்பர் மருத்துவர். எனக்கு அது இரண்டாண்டுகள் நீடித்தது.

உடல் இளைத்ததைக் காட்டிலும் என்னை வருத்தியது வேறொன்று. நான் மாணவர்க்குச் சொன்ன அந்த அறவுரை என்மீதே திரும்பியது. நல்லவன் உறங்குவான் என்றால், உறங்காத நான் யார்? இரவு இரண்டு மணிக்குக் கூடும் அந்த வழக்குமன்றத்தில் குற்றம் சாட்டுபவனும் தீர்ப்பு வழங்குபவனும் ஒருவனே. எதிர்வழக்காட மட்டும் எவரும் வருவதில்லை. முப்பதாண்டுகளுக்கு முன், பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்த புதிதில், கணக்குத் தெரியாத ஒரு பிள்ளையை நான் ஏளனம் செய்தது. தந்தையாரின் இறுதி நாள்களில் ஏதோ ஒரு கூட்டத்தைக் காரணம் காட்டி வராமல் இருந்தது. உடன் பணியாற்றிய ஒருவருக்கு உரிய பாராட்டை நான் வாங்கிக்கொண்டது. ஒவ்வொன்றும் பெயர் அழைக்கப்பட்டு வந்து நின்றது. பகலில் இவை நினைவில் வருவதே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நம் இலக்கியம் இவ்வினாவுக்கு என்ன விடை தருகிறது என்று தேடினேன். தமிழாசிரியனுக்கு அது பழக்கம். கம்பர் காட்டும் இராவணன் உறங்கவில்லை. சீதையைப் பற்றித் தங்கை சொல்லக் கேட்டது முதல் அவனுக்கு நிலவும் பகை, தென்றலும் பகை. இது பிழை செய்ய எண்ணியவனின் விழிப்பு, அறவுரைக்குப் பொருந்துகிறது. ஆனால், கங்கைக் கரையில் அண்ணனும் அண்ணியும் துயில, வில்லை ஊன்றி விடியுமளவும் நின்ற இலக்குவனும் உறங்கவில்லையே! அதனைக் கண்டு நின்ற குகனும் உறங்கவில்லை. இவர்கள் மனச்சான்றில் எந்தக் கறை இருந்தது? உறக்கத்துக்கே பெயர் பெற்ற கும்பகருணனை எடுத்துக்கொள்வோம். வகுப்பில் கண்ணயரும் பிள்ளையைக் கேலி செய்ய நமக்குக் கிடைத்த பெயர் அது. எனினும், இலங்கையின் அவையில் பிறன்மனையாளை விட்டுவிடு என்று அண்ணனிடம் நேர்நின்று சொன்னவன் அவன். சொல் ஏறாதபோது, உண்ட சோற்றுக்காகப் போர்க்களம் சென்று மடிந்தவனும் அவனே. அந்த அரண்மனையில் நன்றாக உறங்கியவனுக்கு அறம் தெளிவாகத் தெரிந்தது என்று மகிழலாம். ஆனால் தெரிந்த அறத்தை விட்டு அல்லாத பக்கத்தில் நின்று போரிட்டானே! ஆக, உறக்கமும் விழிப்பும் எந்தப் பக்கத்துக்கும் சாட்சி சொல்ல மறுக்கின்றன.

வள்ளுவர் மடியின்மை அதிகாரத்தில் கேடு தரும் நான்கனுள் துயிலையும் ஒன்றாக வைத்தார். அங்கே அவர் சொல்வது சோம்பலின் துணையாக வரும் துயிலை. பள்ளிக்கூடத்தில் நாம் அந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. உறக்கம் என்றாலே குறை என்று பிள்ளைகள் மனத்தில் பதிய வைக்கிறோம். இதன் விளைவு ஒன்றைப் பின்னர்ச் சொல்வேன்.

என் அன்னையார் பால்மரம் வெட்டியவர். மரத்தில் பால் நன்கு ஊறிப் பாய்வது குளிர்ந்த விடியற்பொழுதில். வெயில் ஏறினால் ஒழுக்குக் குறைந்துவிடும். ஆகவே நான்கு மணிக்கு எழுந்து, அடுப்பு மூட்டி, எங்களுக்குச் சோறு ஆக்கி வைத்துவிட்டுப் பெரட்டுக்குப் போவார். தலையில் கட்டிய விளக்கோடு நிரைக்குள் நுழைந்தால் நண்பகலுக்குப் பின்னர்தான் லயத்துக்குத் திரும்புவார். இரவு எட்டு மணிக்குச் சாய்ந்தால், நாங்கள் விளக்கைச் சுற்றி நின்று சண்டையிட்டாலும் அவருக்குத் தெரியாது. அவருடைய உறக்கத்தை நான் நெடுங்காலம் அவருடைய நற்குணத்தின் பரிசு என்றே எண்ணியிருந்தேன். இன்று எண்ணிப் பார்க்கையில், அது களைப்பு, வேறொன்றும் இல்லை. நிரையில் பக்கத்து மரங்களை வெட்டிய பெண்டிருள் பொல்லாத நாக்கு உடையவர் சிலரும் இருந்தனர். அவர்களும் எட்டு மணிக்கே உறங்கினர்.

மருத்துவர் எனக்கு உரைத்த விளக்கமும் இதனோடு ஒத்தது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது மிகும்தோறும் உறக்கப் பசி மிகுகிறது. நாம் குடிக்கும் கோப்பி அப்பொருள் மூளையில் பற்றும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. மாலை ஐந்து மணிக்குக் குடித்ததில் ஏறத்தாழப் பாதி இரவு பத்து மணிக்கும் உடலில் இருக்கும். இதனோடு, இருளையும் ஒளியையும் பார்த்து ஓடும் கடிகாரம் ஒன்று உடலுக்குள் இருக்கிறது. அந்தக் கடிகாரத்தோடு நம் நாடு சிறிது விளையாடியதும் உண்டு. தீபகற்பத்தில் 1982 சனவரி முதல் நாள் மணியை அரைமணி நேரம் முன்னே தள்ளினார்கள். சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக்க வேண்டும் என்பது நோக்கம். அப்போது நான் தொடக்கப்பள்ளி மாணவன். கதிரவன் தள்ளிப்போகவில்லை, நாங்கள்தாம் கூடுதல் இருட்டில் எழத் தொடங்கினோம். இன்றும் ஏழரை மணிப் பள்ளிக்கு வரும் பிள்ளை எழும்போது வானம் கறுத்தே இருக்கிறது.

இனி என் தொழிலைத் தொட்ட ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். முயன்றால் கிடைக்கும் என்பது ஆசிரியர் வாழ்வின் அடித்தளம். எழுத்து வரவில்லையா, இன்னும் பத்து முறை எழுது. வாய்பாடு தங்கவில்லையா, இன்னும் உரக்கச் சொல். நானும் உறக்கத்தை அவ்வாறே அணுகினேன். ஒன்பது மணிக்கே படுத்தேன். கண்ணை இறுக மூடினேன். ஆயிரத்திலிருந்து பின்னோக்கி எண்ணினேன். கணக்கில் தவறு செய்யக் கூடாது என்னும் கவலையால் மேலும் விழித்தேன். சூடான பால், சீரகத் தண்ணீர், எண்ணெய்க் குளியல் எல்லாம் செய்து பார்த்தேன். உறக்கம் என்னும் மாணவன் மட்டும் என் கண்டிப்புக்கு அடங்கவில்லை. முயற்சியே தடையாகும் செயல் ஒன்று உலகில் உண்டு என்பதை ஐம்பது வயதுக்கு மேல் கற்றேன். தேடுவோன் ஒதுங்கினால்தான் அது வரும். சைவ சித்தாந்தம் உயிரின் நிலைகளைச் சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என ஐந்தாக எண்ணுகிறது. பயிற்சிக் கல்லூரி நாளில் இவற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். சாக்கிரத்தில் ஓங்கி நிற்கும் 'நான்' என்னும் முனைப்பைச் சுழுத்தி வரை தூக்கிக்கொண்டு போக இயலாது என்பது அப்போது புரிந்திருந்தால், ஆயிரத்திலிருந்து எண்ணியிருக்க மாட்டேன்.

மருத்துவர் மாத்திரையை முதலில் தரவில்லை. பழகிப்போகும், வயது ஏறினால் இரவில் எழும்போது விழச் செய்யும் என்றார். அவர் தந்த வழிகள் எனக்கு முதலில் கொடுமையாகத் தோன்றின. இருபது நிமிடம் அளவு உறக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்துவிட வேண்டும். படுக்கை உறக்கத்துக்கு மட்டுமே உரிய இடம் என்று உடல் மீண்டும் கற்க வேண்டும். இம்முறையை 1972-இல் வகுத்தவர் ரிச்சர்டு பூட்சின் என்னும் அமெரிக்க உளவியலார். மற்றொன்று, 1987-இல் ஸ்பீல்மன் முதலானோர் வெளியிட்டது: ஐந்தரை மணி நேரமே உறங்குகிறாய் என்றால், ஐந்தரை மணி நேரமே படு. உறக்கமில்லாதவனிடம் படுக்கையையும் பறிப்பதா என்று மனம் கொதித்தது. எனினும் பன்னிரண்டரைக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்தேன். விடுமுறை நாளிலும் அதே ஆறு மணி. முதல் இரு வாரங்களில் பள்ளி நாற்காலியில் அமர அஞ்சி நின்றுகொண்டே கோப்புகளைப் பார்த்தேன். மூன்றாம் வாரம் இடையறாத நான்கு மணி நேரம் கிடைத்தது. இத்தகைய பயிற்சியையே மாத்திரைக்கு முன் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்திருக்கிறது என்பதைப் பிறகு அறிந்தேன்.

இத்தனையும் நான் எழுத முனைந்ததற்குக் காரணமானது வேறொரு நிகழ்ச்சி. உறக்கமின்றி இருந்த அந்த இரண்டாண்டுகளில், ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் நாள்தோறும் வகுப்பில் உறங்குகிறான் என்று புகார் வந்தது. அவனை அழைத்துக் காரணம் கேட்டேன். தலைகவிழ்ந்து நின்றான். திங்கட்கிழமைச் சபைகூடலில் அவனை மேடையருகே நிறுத்தி, சோம்பலைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினேன். கும்பகருணன் பெயரையும் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். என்னால் பெற முடியாததை இவன் நாற்காலியில் சாய்ந்தவுடன் பெறுகிறானே என்னும் பொறாமை அந்தப் பேச்சுக்குள் இருந்தது. அதனை இன்று ஒளிக்காமல் எழுதுகிறேன்.

அன்றிரவு நான் நன்றாக உறங்கினேன். அந்த ஆண்டில் எனக்குக் கிட்டிய சிறந்த இரவுகளுள் அது ஒன்று. ஆறு மணி நேரம், கனவின்றி.

மூன்று வாரங்களுக்குப் பின் அவனுடைய தாயார் பள்ளிக்கு வந்தார். சீருடையோடு, இரவு வேலை முடித்து நேரே வந்திருந்தார். கணவர் நெடுந்தொலைவு லாரி ஓட்டுபவர்; திங்களில் சில நாள்களே வீட்டில் இருப்பார். தாயாருக்கு இரவு ஏழு முதல் காலை ஏழு வரை வேலை. ஐந்து வயதுத் தங்கை இரவில் விழித்து அழுவாள் என்பதாலும், கதவை யாராவது தட்டுவார்கள் என்னும் அச்சத்தாலும் அந்தச் சிறுவன் விழித்தே இருப்பானாம். "தம்பி சொல்லாதேன்னு சொல்லிட்டான் ஐயா. நான் வேலையை விட்டுடுவேன்னு பயம் அவனுக்கு," என்றார். கங்கைக் கரையில் நின்ற காவலனை நான் மேடையேற்றிக் கும்பகருணன் என்று சிரிக்க வைத்திருந்தேன்.

அந்த அம்மையாரிடம் அப்போதே மன்னிப்புக் கேட்டேன். மறு திங்கட்கிழமை, தாயின் இசைவோடு, வீட்டு நிலையைக் கூறாமல், நான் தவறு செய்தேன் என்று அதே சபைகூடலில் அச்சிறுவனின் பெயர் சொல்லிச் சொன்னேன். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு நெஞ்சுச் சுமை இறங்கியது போல் இருந்தது. இன்று உறக்கம் வரும் என்று உறுதியாக நம்பி வீட்டுக்குப் போனேன், வரவில்லை. நான்கு மணி வரை விழித்திருந்தேன்.

பிழை செய்த இரவில் வந்தது. பிழையை ஒப்புக்கொண்ட இரவில் வரவில்லை. இதைவிடத் தெளிவாக எனக்கு எந்த நூலும் பாடம் சொல்லியிருக்க முடியாது. உறக்கம் நம் நடத்தையைப் பார்த்துக் கூலி கொடுக்கும் கங்காணி அன்று. அது உடலின் காரியம், பசியைப் போன்றது. நன்றாக உறங்கும் கொடியவரும் உண்டு. உறங்காத நல்லவரும் உண்டு. அப்படியானால் மனச்சான்று பொய்யா என்று கேட்கலாம். பொய் அன்று. அதற்கு உறக்கத்தைப் பிடுங்கும் அதிகாரம் இருப்பதாக நாம் நம்பி, உறக்கம் வந்தால் நாம் நல்லவர் என்று முடிவு செய்துவிடுகிறோமே, அதுதான் இடர். அந்த மூன்று வாரங்களும் நான் அவ்வாறே முடிவு செய்திருந்தேன்.

இப்போது எனக்கு ஐந்தரை, சில நாள்களில் ஆறு மணி நேரம் கிடைக்கிறது. ஆழ்ந்த உறக்கம் வயதோடு குறையும் என்றார் மருத்துவர், ஏற்றுக்கொண்டேன். வராத இரவுகளில் எழுந்து கூடத்தில் அமர்ந்து மாணவர் கட்டுரைகளைத் திருத்துகிறேன். அந்நேரத்தில் திருப்பத்தில் உறுமும் பேருந்தில் யார் போகிறார்கள் என்று எண்ணாமல் இருக்க முடிவதில்லை. பழைய குற்றங்களை நன்னெறிப் பதிவேடு போல இரவில் புரட்டுவதை மட்டும் விட்டுவிட்டேன். ஈடு செய்யக்கூடியவற்றைப் பகலில் எழுதி வைக்கிறேன். எனக்குரிய பாராட்டு அன்று என்று அந்த நண்பருக்குக் கடிதம் எழுதினேன். விடை இன்னும் வரவில்லை.

பள்ளி நூலகத்தின் மூலையில் ஒரு பாயும் சிறு தலையணையும் போட்டிருக்கிறோம். ஆசிரியர் சிலருக்கு இதில் உடன்பாடில்லை. பிள்ளைகள் சலுகையைத் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்கிறார்கள். ஒருவர் இருவர் பயன்படுத்தியும் இருக்கிறார்கள். வகுப்பில் கண்ணயரும் பிள்ளையிடம் முதலில், இரவு வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்க வேண்டும் என்பது இப்போது எங்கள் நடைமுறை. சென்ற வாரம் இரண்டாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி அந்தப் பாயில் உறங்கிக்கொண்டிருந்தாள். நூலகச் சன்னலுக்கு வெளியேதான் மணி தொங்குகிறது. அடிக்க வந்த பணியாளரைக் கையமர்த்தினேன். அன்று ஓய்வு நேரம் ஐந்து நிமிடம் பிந்தித் தொடங்கியது.