கணக்குக் காட்டும் நாள் நெருங்குகிறது

பழையசீவரத்துப் பெரியோரே, திருமுக்கூடல் தாய்மாரே, பாலாற்றங்கரை ஊர்களின் பிள்ளைகளே! காலம் குறுகிவிட்டது. நம் தெருக்களில் திண்ணை வைத்த வீடுகள் ஒவ்வொன்றாக விழுகின்றன. நாட்டு ஓடு இறங்குகிறது, உத்திரம் இறங்குகிறது, செதுக்கிய நிலைக்கதவு லாரியில் ஏறுகிறது. குதிர் எந்த மூலையில் நின்றது, விதைநெல் எந்தப் பானையில் இருந்தது, முற்றத்து மழைநீர் எந்த வழியாகக் கொல்லைக்குப் போனது என்று சொல்லத் தெரிந்த பாட்டி இன்னும் நம்மிடையே இருக்கிறாள். எத்தனை நாள் இருப்பாள்? வீடும் போகிறது, வீட்டைச் சொல்லும் வாயும் போகிறது. இரண்டும் ஒருசேரப் போகும்போது நாம் வாய்மூடி நிற்கிறோம். இதற்குக் கணக்கு உண்டு.

யாரிடம் கணக்கு என்று கேட்கிறீர்களா? நம் பக்கத்து ஊரான உத்திரமேரூரைப் பாருங்கள். வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவரில், பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய விதிகள் இன்றும் இருக்கின்றன. ஊர்ச்சபையார் ஊரை 30 குடும்புகளாக, அதாவது பகுதிகளாக, பிரித்தார்கள். பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்க, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம் வைத்தார்கள். 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் இருக்க வேண்டும் என்றார்கள். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும் என்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொன்னார்கள்: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடக்கூடாது.

அந்தக் கடைசி விதியை நெஞ்சில் வையுங்கள். ஒருவன் தவறினால் உறவே தலைகுனிய வேண்டும் என்றது அந்தச் சபை. பொதுச்சொத்தைக் கையில் வாங்கியவன் தனி மனிதன் அல்லன் என்பது அதன் நீதி. நாமும் வாங்கியிருக்கிறோம். ஏரி வாங்கினோம், குளம் வாங்கினோம், கோயில் வாங்கினோம், வீடு வாங்கினோம், தொழில் வாங்கினோம், நினைவு வாங்கினோம். நமக்குப் பின் வருகிறவர்கள் கேட்பார்கள். அன்று எந்த முகத்தோடு நிற்போம்?

இன்னும் அருகே வாருங்கள். நம் கரைக்கு எதிர்க்கரையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில், திருமுக்கூடல் கோயில் நிற்கிறது. கி.பி. 1068 வாக்கில் வீரராசேந்திர சோழன் காலத்தில் அங்கே வெட்டிய கல்வெட்டு, ஓர் ஆதுலசாலையை, அதாவது மருத்துவமனையை, பற்றிச் சொல்கிறது. நோயாளிகளுக்கு 15 படுக்கைகள், ஒரு மருத்துவர், ஓர் அறுவை மருத்துவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள், சேமித்து வைத்த மருந்துகளின் பெயர்கள் என எல்லாம் அதில் இருக்கின்றன. படிக்கும் மாணவர்களுக்குச் சோறும், சனிக்கிழமைக் குளியலுக்கு எண்ணெயும்கூட அதில் குறிக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் படுக்கைகள் போயின. அந்த மருந்துச் சாடிகள் போயின. எழுதி வைத்தது மட்டும் நின்றது. அவர்கள் எழுதி வைத்ததால் நாம் அறிகிறோம். நாம் எழுதி வைக்காவிட்டால் நம்மை யார் அறிவார்?

வீட்டையே காப்பாற்ற முடியுமா என்று கேட்பீர்கள். முடியும் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். 1984-ல் தொடங்கிய சென்னை கைவினை அறக்கட்டளை, டெபோரா தியாகராஜன் என்ற அம்மையாரின் முயற்சியில், 1996 டிசம்பரில் அதைத் திறந்தது. அங்கே நிற்கும் வீடுகள் பொம்மை வீடுகள் அல்ல. உடையவர்களே இடித்துவிடலாம் என்று கைவிட்ட வீடுகளை விலைக்கு வாங்கி, தூண் தூணாக, கட்டை கட்டையாகப் பிரித்து, கொண்டுவந்து, மரபுத் தச்சர்களைக் கொண்டு மறுபடி எழுப்பினார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடு நிற்கிறது. அக்கிரகாரத்து வீடு நிற்கிறது. நெசவாளர் வீடும் குயவர் வீடும் நிற்கின்றன. கேரளத்து வீடும் கன்னட நாட்டு வீடும் ஆந்திரத்து வீடும் நிற்கின்றன. இதற்கு முன்பே சுவீடன் நாட்டில் ஆர்தர் ஹசேலியஸ் என்பவர், ரயிலும் ஆலையும் வந்து கிராம வாழ்வு மறைவதைக் கண்டு பதறி, பழைய வீடுகளைப் பெயர்த்துவந்து 1891-ல் ஸ்டாக்ஹோம் நகரில் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் திறந்தார். அவர் பதறியதால் அந்த நாட்டுக்கு மிஞ்சியது. நாம் எப்போது பதறப் போகிறோம்?

தட்சிணசித்ராவுக்குப் போனால் வேடிக்கை பார்த்துத் திரும்பாதீர்கள். தூணைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு நடந்துவிடாதீர்கள். திண்ணையில் பிள்ளைகளை உட்கார வையுங்கள். வழிப்போக்கன் படுத்து எழுந்து போக வாசலிலேயே இடம் விட்ட மனம் எப்படிப்பட்டது என்று சொல்லுங்கள். தறிக்குழியைக் காட்டுங்கள், அதில் கால் வைத்து ஒரு குலமே நாள் முழுதும் உழைத்ததைச் சொல்லுங்கள். ஆட்டுக்கல்லைக் காட்டுங்கள், அதைச் சுற்றிய கைகள் நம் பாட்டிமார் கைகள் என்று சொல்லுங்கள். அழகை மட்டும் சொல்லாதீர்கள். எந்த வாசலில் யார் ஏற முடிந்தது, யார் ஏற முடியவில்லை என்பதையும் சொல்லுங்கள். உத்திரமேரூர்ச் சபையில் பெண்ணுக்கு இடம் இல்லை, நிலமற்ற உழைப்பாளிக்கு இடம் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பெருமையை மட்டும் காட்டிச் சிறுமையை மறைப்பதும் கள்ளக்கணக்குதான்.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். பெயர்த்துக் கொண்டுபோய்க் காப்பது கடைசி வழி. நின்ற இடத்தில் காப்பதே முதல் கடமை. உத்திரமேரூர் மண்டபம் தன் இடத்திலேயே நிற்கிறது. திருமுக்கூடல் கல்வெட்டு தன் ஆற்றின் கரையிலேயே இருக்கிறது. நம் ஊரை முட்டுக்காட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை ஏன் வர வேண்டும்?

ஒழுகும் கூரையின் கீழ் ஏழையை இருக்கச் சொல்வது அறம் அன்று. சுவர் சரிந்த வீட்டில் பிள்ளைகளோடு படுக்கிறவர்கள் கட்டாயம் புது வீடு கட்டட்டும், ஊரே கூடி உதவட்டும். ஆனால் இடிக்கும் முன் அளந்து எழுதுங்கள். இடிக்கும் முன் படம் எடுங்கள். கட்டியவர் யார், கட்டிய கொத்தனார் எந்த ஊர், சுண்ணாம்பில் என்ன சேர்த்து அரைத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். மச்சு வீட்டுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள். பனையோலைக் குடிசைக்கும் செய்யுங்கள். காலனித் தெருவிலும் செய்யுங்கள். மண் வீட்டுக்குத்தான் ஆயுள் குறைவு. ஆகவே அதற்குத்தான் அவசரம் அதிகம்.

பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறீர்களா? அந்தச் சொல்லுக்கு என்ன விலை என்று கேளுங்கள். கரிவலம்வந்தநல்லூருக்கு ஏடு தேடிப் போனார் உ.வே. சாமிநாதையர். பழைய ஏடுகளையெல்லாம் ஆகம முறைப்படி நெய்யில் தோய்த்து நெருப்பில் இட்டுவிட்டதாக அவரிடம் சொன்னார்கள். எரித்தவர்களுக்குப் பகை இல்லை, வஞ்சம் இல்லை. பக்தியோடு எரித்தார்கள். எரிந்தது எரிந்ததுதான். அறியாமை செய்த கேட்டை எந்தத் தவம் திருப்பித் தரும்?

போகி வருகிறது. தாத்தாவின் கணக்கு நோட்டை நெருப்பில் போடாதீர்கள். பழைய பத்திரத்தைப் போடாதீர்கள். மரக்காலையும் படியையும் ஏர்க்கலப்பையையும் காயலான் கடைக்கு எடை போடாதீர்கள். கொல்லையில் கிடக்கும் எழுத்துள்ள கல்லைத் துணி துவைக்கப் போடாதீர்கள். உழும்போது சிலை கிடைத்தால் தாசில்தாரிடம் சொல்லுங்கள். ஊரறிய நடப்பதில் பயம் இல்லை. நூறாண்டு கடந்த சிலைக்கும் சிற்பத்துக்கும் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் காவல் நிற்கிறது. ஆனால் சட்டம் வந்து சேரும் முன் லாரி வந்துவிடும். அந்த இடைவேளையில் காவல் நிற்க வேண்டியவர்கள் நாம்.

போகி கழிந்து இரண்டாம் நாள் மாட்டுப் பொங்கல். அன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு நம் பழையசீவரத்துக்கு எழுந்தருளுகிறார். சுற்றுவட்டாரமே குன்றின் அடியில் கூடுகிறது. அந்த நாளைப் பயன்படுத்துங்கள். பள்ளிக்கூடத்திலோ சத்திரத்திலோ ஊராட்சிக் கட்டடத்திலோ ஒரு கூடத்தை ஒழித்துக் கொடுங்கள். வீட்டுக்கு ஒரு பொருள் கொண்டு வாருங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் பெயர், கொடுத்தவர், அது செய்த வேலை என்று அட்டையில் எழுதி வையுங்கள். எழுதும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். சொல்லும் பொறுப்பைப் பெரியவர்களிடம் கொடுங்கள். வந்து கூடும் ஊர்கள் பார்க்கட்டும். பார்த்து, தங்கள் ஊரிலும் தொடங்கட்டும். ஒரு கூடத்தில் தொடங்கியது நாளை ஒரு தெருவைக் காக்கும்.

பெரியோரே, தெரிந்ததைச் சொல்லாமல் போகாதீர்கள். இளைஞரே, கேட்காமல் விடாதீர்கள். ஊராட்சித் தலைவரே, அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாக வையுங்கள். ஆசிரியரே, பிள்ளைகளை உத்திரமேரூர் மண்டபத்துச் சுவர் முன்னே நிறுத்துங்கள். தாய்மாரே, பாட்டி சொல்வதைப் போனில் பதிந்து வையுங்கள். ஒருவர் செய்யாவிட்டால் எல்லோர் மீதும் குறை. ஒருவர் தொடங்கினால் எல்லோர்க்கும் நன்மை. இன்று மாலையே உங்கள் தெருவின் மூத்த மனிதர் வீட்டுக்கு ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள்.