செய்தி சேர்தல்: சில குறிப்புகள்

செய்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அனுப்புகிறவனின் நேர்மையைப் பற்றியே பேசுகிறார்கள். அவன் சொன்னது மெய்யா, பொய்யா என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. சொன்னது போய்ச் சேர்ந்ததா, சேராத பட்சத்தில் அது யாருக்காவது தெரிந்ததா என்பவை தபால்காரன் கவலையாக ஒதுக்கப்படுகின்றன. இந்த ஒதுக்கல் சரியல்ல என்று எனக்குப் படுகிறது. இதைச் சொல்லக் கம்ப்யூட்டருக்குள் நடக்கும் ஒரு காரியத்தை எடுத்துக்கொள்கிறேன்.

இயந்திரத்தை நேரடியாக ஆள்கிற கெர்னல் ஒரு தளம். அதன் அனுமதியில் ஓடுகிற நிரல்கள் இன்னொரு தளம். லினக்ஸில் கெர்னல் நிரல்களுக்குச் செய்தி சொல்லும் வழிகளில் ஒன்று நெட்லிங்க். ஒரு நெட்வொர்க் இணைப்பு அறுந்தது, ஒரு பாதை மாறியது போன்ற தகவல்கள் இதன் வழியே வருகின்றன. 1999ல் வந்த லினக்ஸ் 2.2லிருந்து இது வழக்கத்தில் இருக்கிறது. இதன் கையேடு ஒளிவுமறைவில்லாமல் ஒன்றை ஒப்புக்கொள்கிறது: கெர்னலிலிருந்து நிரலுக்கு நம்பகமாகச் செய்தி சேர்ப்பது எப்படியும் சாத்தியமில்லை.

தூரம் இதற்குக் காரணமல்ல. 1978ல் ஜிம் கிரே இரு தளபதிகளின் கதையாக ஒரு புதிரைச் சொன்னார். நடுவில் தூதன் பிடிபடக்கூடும் என்றால், எத்தனை பதில் கடிதங்கள் போய் வந்தாலும் இருவருக்கும் பொதுவான நிச்சயம் பிறக்காது. ஆனால் கெர்னலுக்கும் நிரலுக்கும் நடுவே மலையுமில்லை, எதிரியுமில்லை. இருவரும் ஒரே வீட்டில் குடியிருப்பவர்கள். இங்கே செய்தியைத் தொலைப்பது கவனத்தின் ஏற்றத்தாழ்வு. கெர்னல் சொல்கிற வேகத்தில் நிரல் கேட்பதில்லை. ஒவ்வொரு நிரலுக்கும் அளவான ஒரு பெட்டிதான் உண்டு. அது நிரம்பிவிட்டால் கெர்னலுக்கு மூன்று வழிகள். கேட்பவன் வரும்வரை காத்திருக்கலாம். அப்போது ஒரு சோம்பேறிக்காக எல்லோருடைய காரியமும் நிற்கும். எல்லாவற்றையும் சேர்த்துவைக்கலாம், அப்போது அந்தச் சோம்பேறி எல்லோருடைய நினைவகத்தையும் தின்றுவிடுவான். மிஞ்சியது, செய்தியைக் கைவிடுவது.

கெர்னல் கைவிடுகிறது. ஆனால் கைவிட்டதைச் சொல்கிறது. அடுத்த முறை நிரல் பெட்டியைத் திறக்கும்போது அதற்குக் கிடைப்பது ஒரு பிழைக் குறி: இடமில்லாமல் போயிற்று, சில செய்திகள் போய்விட்டன என்று அதற்கு அர்த்தம். எவை போயின என்று அது சொல்லாது. உன் மனத்தில் இருக்கும் உலகமும் என்னிடம் இருக்கும் உலகமும் இனி ஒன்றல்ல என்பது மட்டும் உறுதிப்படுகிறது. நிரல் தன் பழைய அறிவைத் தூக்கியெறிந்துவிட்டு, முழு நிலவரத்தையும் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டும். 2009ல் வந்த 2.6.30ல் இன்னொரு வசதியும் சேர்ந்தது. இந்தப் பிழையை எனக்குச் சொல்லாதே என்று நிரல் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். அறியாமையை விண்ணப்பம் போட்டுப் பெறலாம் என்பது வேடிக்கைக்குரிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. நம்மில் பலர் செய்வது அதுதான்.

தொலைந்ததைச் சொல்லிவிட்டால் அறம் நிறைவேறிவிட்டதா? இங்கேதான் கஷ்டம். அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டோம், படிக்காதது உன் குற்றம் என்று அதிகாரம் சொல்வதும் ஏறக்குறைய இதே தொனிதான். கெர்னலை இந்தக் குற்றச்சாட்டிலிருந்து காப்பாற்றுவது, அது திறந்துவைத்திருக்கும் இன்னொரு கதவு. மறுபடி கேட்டால் முழு நிலவரமும் கிடைக்கிறது. யூனிக்ஸின் பழைய சிக்னல்களிலும் இதைக் காணலாம். தடுத்துவைத்திருக்கும் நேரத்தில் ஒரே சிக்னல் பத்து முறை வந்தாலும் ஒரு முறை வந்ததாகவே சேரும். பத்துக் குழந்தை நிரல்கள் இறந்திருக்க, தாய் நிரலுக்கு ஒரு தட்டல்தான் கேட்கலாம். ஆனால் இறந்த ஒவ்வொன்றின் குறிப்பையும் தாய் வந்து கேட்கும்வரை கெர்னல் வைத்திருக்கிறது. குறிப்பு இருக்கிற இடத்தில் தட்டல் தொலைவது பாதகமில்லை.

எல்லாச் செய்தியும் இப்படிப்பட்டதல்ல. நான் பாங்கியில் கணக்கெழுதிப் பிழைப்பவன். எனக்கு இந்த வேறுபாடு பாஸ் புத்தகமாகவே தெரிகிறது. கடைசி வரியிலுள்ள இருப்பை எப்போது வேண்டுமானாலும் மறுபடி கேட்கலாம். நடுவில் ஒரு பதிவு எங்குமே இல்லாமல் அழிந்துபோனால், இருப்பை மட்டும் வைத்துக்கொண்டு யார் எடுத்தார், என்றைக்கு எடுத்தார் என்று மீட்க முடியாது. நிலையைத் திரும்பக் கேட்கலாம். நிகழ்ச்சியைத் திரும்பக் கேட்க முடியாது. நிகழ்ச்சிக்கு வேண்டியது சாட்சி.

லினக்ஸில் சாட்சி சொல்வதற்கென்றே ஒரு தணிக்கை அமைப்பு இருக்கிறது. யார் எந்தக் கோப்பைத் திறந்தார் என்பது போன்றவற்றை அது நெட்லிங்க் வழியாகவே வெளியே அனுப்புகிறது. ஆகவே அதே பலவீனம் அதற்கும் உண்டு. சாட்சியம் சேராவிட்டால் என்ன செய்வது என்பதை இயந்திரத்தை நிர்வகிப்பவர் ஓர் எண்ணால் தீர்மானிக்கிறார். 0 என்றால் மௌனம். 1 என்றால் கெர்னல் தன் குறிப்பேட்டில் ஒரு புகாரை எழுதிவிட்டு வேலையைத் தொடரும். 2 என்றால் இயந்திரமே நின்றுவிடும். யாரும் மாற்றாதபோது இருப்பது 1.

0 எனக்கு உடன்பாடில்லை. அது இழப்பை மறைப்பதோடு, இழப்பு நேர்ந்தது என்ற உண்மையையும் இழக்கிறது. ஓட்டை விழுந்த பதிவேடு முழுமையான பதிவேடாக நடமாடும். 2ன் கம்பீரமும் என்னை மயக்கவில்லை. சாட்சியில்லாமல் வாழமாட்டேன் என்பது உயர்ந்த வாக்கியம்தான். ஆனால் பதிவுகளை வெள்ளமாகக் கொட்டச் செய்யத் தெரிந்த எவனும் அந்த இயந்திரத்தை நிறுத்திவிடலாம். அது ஆஸ்பத்திரியில் இருக்கும் இயந்திரமானால் அந்த நேர்மைக்கு விலை கொடுப்பவன் நோயாளி. எண்ணைத் தேர்ந்தெடுத்தவன் அல்ல.

நம்பகத்தை ஒரு தொழில்நுட்பக் குணமாகப் பேசிப் பேசி இந்தக் கேள்வியைத் தட்டிக்கழித்துவிடுகிறோம். சேராத செய்தி எப்போதும் இருக்கும். அது நிலையைப் பற்றியதானால், தொலைந்ததைச் சொல்லி மறுபடி கேட்க வழி வைத்தால் போதும். நிகழ்ச்சியைப் பற்றியதானால், ஓட்டையை ஓட்டையென்று எழுதிவைப்பது குறைந்தபட்சக் கடமை. அதற்கும் மேலே போய், காரியத்தை நிறுத்துவதா என்று தீர்மானிக்கும் இடத்தில், நின்றால் நஷ்டப்படுகிறவனுக்கும் ஒரு குரல் இருக்க வேண்டும். இன்று அந்த எண் யாருக்கும் தெரியாத ஒரு கோப்பில், ஒற்றை வரியில் கிடக்கிறது.