மந்தையும் உடையவனும்

ஆன்மாவைப் பசு என்று நம் சாத்திரங்கள் வழங்குதற்குக் காரணம் அது பாசத்தாற் கட்டுண்டமையே என்பது அன்பர்கள் அறிந்தது. அங்ஙனம் அறிந்த நாம், மெய்யாகவே கயிற்றாற் பிணிக்கப்பட்டுக் காய்ச்சிய இரும்பாற் சூடிடப்படும் ஆனிரைகளின் வரலாற்றை எவ்வாறு சொல்லல் வேண்டும் என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட வினா.

அமெரிக்க நாட்டு மேலைப் புல்வெளிகளில் மாட்டுமந்தை காப்போரைப் பற்றிய கதைகள் மிகப் பல. 1902-இல் ஓவன் விஸ்டர் வெளியிட்ட ‘தி வர்ஜீனியன்’ என்னும் நாவல் பெரும்புகழ் பெற்றது. அதன் தலைவன் மந்தை காப்போனே. ஆயினும் அந்நூலில் மாட்டைக் காண்டல் அரிது! மறு ஆண்டில், தாமே மந்தை ஓட்டிய ஆண்டி ஆடம்ஸ் தம் நூலை வெளியிட்டார். டெக்சாஸிலிருந்து மாண்டானா வரை சென்ற நெடும்பயணம் அது. இராக்காவலும், ஆறு கடத்தலும், நீரின்றி மாடுகள் கண்ணொளி இழந்தமையுமே அதன் பொருள். புகழிற் குறைந்த இந்நூலே நம் கருத்திற்கு உயர்ந்தது.

நிற்க. 1886-ஆம் ஆண்டுக் கோடையில் அப்புல்வெளிகளில் மழை பொய்த்தது. பொருளாசையால் அளவிறந்து பெருக்கிய மந்தைகளால் புல்லும் அருகிற்று. பின்வந்த பனிக்காலத்தில், இடையே உருகிய பனி மீண்டும் உறைந்து நிலத்தைப் பாறைபோல் மூடியது. உலர்புல் சேர்த்து வைத்தோர் மிகச் சிலரே. பல மந்தைகளிற் பாதிக்குமேல் மடிந்தன. அப்போது ஹெலினா நகரிலிருந்த உடையவர் ஒருவர், தம் மந்தையின் நிலையை எழுதுமாறு கேட்டனுப்பினார். கண்காணி விடையெழுத முற்பட்டகாலை, உடனிருந்த சார்லஸ் ரஸ்ஸல் என்னும் இருபத்திரண்டு வயது இளைஞர் ஒரு சிறிய அட்டையிற் படம் வரைந்தார். விலாவெலும்பு தோன்றப் பனியில் நிற்கும் ஒற்றை மாடு; அது வீழ்தலை நோக்கிக் காத்திருக்கும் ஓநாய்கள். கண்காணி கடிதத்தை விடுத்துப் படத்தையே அனுப்பினார்.

உடையவன் என்னும் பெயர்பற்றி இவனைப் பதிக்கு உவமை கூறலாமோ எனின், கூடாது. நம் பதி உயிரோடு வேறறக் கலந்து நிற்பவன். அவனுக்குக் கடிதம் வேண்டா. இவனோ தானும் ஒரு பசுவாயிருந்தே பிற பசுக்களின்மேல் தன் குறியைச் சூடிட்டவன்.

அற்றேல், கொலைக்கென வளர்க்கும் மந்தையின் கதை புலால் மறுத்த நமக்கு எற்றுக்கு எனின், மறுத்தல் வேறு, அறியாதிருத்தல் வேறு என்க. கொலையைக் கடிவோன் அவ்வுயிர் பட்டதை அறிந்தே கடிதல் வேண்டும். மூலன் இறந்தகாலை ஆனிரை உற்ற துயரைச் சேக்கிழார் பெருமான் விடாது கூறினார். அத்துயர் தீர்த்தற்கன்றோ சிவயோகியார் இடையன் உடலிற் புகுந்து திருமூலர் ஆயினார்? அவ்விடத்தை நீக்கி அப்புராணத்தைப் படிப்பார் உளரோ?

அப்பனிக்காலத்தின்பின், மாண்டானாவில் எஞ்சிய மந்தையுடையோர் வேலியடைத்தனர்; புல் அறுத்து உலர்த்திச் சேமித்தனர். அது அருளால் விளைந்ததன்று, பொருளிழப்பால் விளைந்ததே. எனினும், பின்வந்த பனிக்காலங்களில் மாடுகளின் வாய்க்கு ஒரு பிடி உலர்புல் கிட்டிற்று.