இதயம் இடிக்கட்டும், நீ நில்!

கோபம் வந்தால் என்னால் அடக்க முடியாது என்கிறாயா?

எங்கே நின்றுகொண்டு சொல்கிறாய் அதை? திருத்தணியில் நின்றுகொண்டா?

சூரபத்மனை வென்ற முருகனுக்கே சினம் உடனே ஆறவில்லை. வெற்றிக்குப் பிறகும் கொதித்தது. அது தணிந்த இடம் இந்த மலை என்கிறது தலபுராணம்.

அதனால்தான் கந்த சஷ்டியில் மற்ற படைவீடுகளில் சூரசம்ஹாரம் நடக்க, இங்கே முருகனுக்குப் புஷ்பாஞ்சலி நடக்கிறது. வேல் பாயும் நாளில் பூ!

கடவுளுக்கே ஆறுவதற்கு ஒரு மலை வேண்டியிருந்தது. உனக்குக் கோபம் வருவது குற்றமில்லை. அதை ஆற்றக் கற்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாயே, அதுதான் குற்றம்!

"என் சுபாவமே அப்படி." "எங்க அப்பாவும் இப்படித்தான்." போதும், நிறுத்து!

பொழுது விடியுமுன் மின்சார ரயிலைப் பிடித்துச் சென்னைக்கு ஓடுகிறாய். மேலாளர் எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறார். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறாய்.

அந்த வார்த்தையை அரக்கோணம் தாண்டியும் சுமந்து வந்து, ராத்திரி சோறு போடும் அம்மா மேல் கொட்டுகிறாய். இதற்குப் பெயர் பொறுமையா? ரோஷமா? திட்டியவர் ஒருவர், வாங்கிக் கட்டிக்கொள்பவர் இன்னொருவர். இது என்ன நியாயம்?

எல்லையோர ஊர்க்காரன் நீ. தமிழிலும் திட்டத் தெரியும், தெலுங்கிலும் திட்டத் தெரியும். ஒரு மொழியிலாவது "கொஞ்சம் பொறுங்க, யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லத் தெரியுமா?

பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1990-ல் உணர்வைக் கையாளும் இந்தத் திறனுக்கு ஒரு வரையறை கொடுத்தார்கள். 1995-ல் டேனியல் கோல்மனின் புத்தகம் அதை உலகமெங்கும் கொண்டுபோனது. உணர்வு நுண்ணறிவு என்கிறோம். தன் மனதில் ஓடுவதை அறிவது, எதிரில் இருப்பவர் மனதில் ஓடுவதையும் அறிவது, அறிந்தபின் நடப்பது.

பழகினால் வரும். உனக்கும் வரும்!

எங்கே பழகுவது? பயிற்சிக் கூடம் உன் ஊரிலேயே இருக்கிறது. 365 படிகள்!

ஏறிப் பார். பாதி வழியில் நெஞ்சு இடிக்கும். வாய் உலரும். கால் நடுங்கும். வியர்வை வழியும். "ஐயோ, நான் இதற்கு லாயக்கில்லை" என்று திரும்பி ஓடினாயா? இல்லையே! ஓரமாக நின்றாய், மூச்சு வாங்கினாய், மறுபடி ஏறினாய்.

அதே இடிதான் நேர்காணல் அறைக்கு வெளியேயும்! அதே உலர்ந்த வாய், அதே நடுக்கம். அங்கே மட்டும் ஏன் "எனக்குப் பயமாயிருக்கு, முடியாது" என்கிறாய்?

ஆபத்து என்று மூளை நினைத்தால் உடம்பில் அட்ரினலின் பாயும். இதயம் வேகமெடுக்கும், தசைக்கு ரத்தம் ஓடும். உன் உடம்பு உன்னைக் கைவிடவில்லை. உனக்காகத் தயாராகிறது!

அடுத்த முறை மலையேறும்போது இதைச் செய். இதயம் இடிக்கும் இடத்தில் நில். மூச்சை இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்து வெளியே விடு. மறுபடி விடு. துடிப்பு தணிவதை நீயே உணர்வாய். (நெஞ்சில் நோய் உள்ளவர்கள் படியில் பரீட்சை பண்ண வேண்டாம். மலைமேல் போக ரோடு இருக்கிறது. இதே மூச்சை நாற்காலியில் உட்கார்ந்தும் பழகலாம்.)

அப்புறம் உன்னையே ஒரு கேள்வி கேள். இது கோபமா, பயமா, அவமானமா? சில நேரம் நீ கோபம் என்று நினைப்பது பயம்தான். பெயர் தெரியாத வரைதான் அது உன்னை ஆட்டிவைக்கும்!

"இதெல்லாம் பெரிய மனுஷங்களுக்குத்தான்" என்கிறாயா?

1888 செப்டம்பர் 5-ல் இந்தத் திருத்தணியில் பிறந்த ஒரு பையன், உதவித்தொகையில் படித்தான். தத்துவப் பாடம் எடுத்ததற்கே காரணம், உறவுக்காரர் தந்த பழைய பாடப்புத்தகங்கள். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன்!

சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் அவர் படித்த காலத்தில், இந்து தத்துவத்தில் அறநெறிக்கு இடமில்லை என்ற விமர்சனம் அவர் காதில் விழுந்தது. சுருக்கென்று தைத்தது. சண்டைக்குப் போனாரா? மூலையில் உட்கார்ந்து அழுதாரா? வேதாந்தத்தின் அறநெறி பற்றியே எம்.ஏ. ஆய்வேடு எழுதினார், 1908-ல். அப்போது அவருக்கு 20 வயது!

உன்னை நேற்று ஒருவர் மட்டம் தட்டினாரே, அதைக்கொண்டு நீ என்ன செய்தாய்? வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டாய்!

1952-ல் மாஸ்கோவில் தூதராக இருந்த ராதாகிருஷ்ணன், விடைபெறப் போய் ஸ்டாலின் முன் உட்கார்ந்தார். உலகமே நடுங்கிய மனிதர். அவரிடமே போரைத் துறந்த அசோகனைப் பற்றிப் பேசியவர் இவர். புறப்படும்போது ஸ்டாலினின் கன்னத்தையும் முதுகையும் தட்டிக்கொடுத்தார். அதிகாரத்துக்குப் பின்னால் ஒரு தனி மனிதன் இருந்தது ராதாகிருஷ்ணன் கண்ணில் பட்டது.

உன் மேலாளருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். அவருக்கும் தூக்கம் கெடுகிறது. ஒருநாளாவது அதை நினைத்துப் பார்த்தாயா?

அந்த ராதாகிருஷ்ணன் பிறகு குடியரசுத் தலைவரானார். 1962 முதல் 1967 வரை. அந்த 5 ஆண்டில் சீனாவோடு போர், பாகிஸ்தானோடு போர். 1964 மே 27-ல் நேரு இறந்தார். 1966 ஜனவரி 11-ல் சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்தார். இரண்டு முறையும் அதே நாளில் குல்சாரிலால் நந்தாவுக்குப் பிரதமராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார் ராதாகிருஷ்ணன்.

துக்கம் இல்லாமலா இருந்திருக்கும்? இருந்தும் நாட்டை ஒரு நாள்கூடத் தலைமை இல்லாமல் விடவில்லை!

"நான் ஏற்கெனவே தோற்றவன்" என்பாய். ம.பொ.சி.யைப் பார்! மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. அச்சுக்கோர்த்துப் பிழைத்தவர். தமிழகத்தின் வடக்கெல்லைக்காகப் போராடினார், சிறை சென்றார். கேட்டது திருப்பதி, கிடைக்கவில்லை. அந்த வலியோடு உடைந்து உட்கார்ந்திருந்தால்? உட்காரவில்லை! 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது.

ஏமாற்றத்தை வைத்துக்கொண்டே அடுத்த காரியத்தில் இறங்க முடியும். இறங்கியவர்கள் நடந்த மண்ணில்தான் நீ நிற்கிறாய்!

சொல், யாரிடம் பேசப் பயந்து ஒரு மாதமாகத் தள்ளிப்போடுகிறாய்? கடன் கொடுத்தவரிடமா? பேச்சு நின்றுபோன அண்ணனிடமா? விடுப்பு கேட்க வேண்டிய அதிகாரியிடமா?

நாளைக்கு என்று சொல்லாதே. நேரம் சரியில்லை என்று சொல்லாதே.

போனை எடு. நெஞ்சு இடிக்கிறதா? இடிக்கட்டும். மூச்சை நீளமாக விடு. இப்போது எண்ணை அழுத்து!