விளிம்பு வரை மரம்

மைசூரு அரண்மனையில் தந்தம் இழைத்த ஈட்டி மரக் கதவு உண்டு. இன்று இழைப்பு வேலைக்குத் தந்தம் கிடையாது. பலா மரத்தின் மஞ்சள் சில்லு அந்த வேலையைச் செய்கிறது. நகக்கண் அளவுத் துண்டுகூட வீணாகாமல், இழைக்கும் படத்தில் யானையின் முகபடாமாகிவிடும். வீட்டில் சிஎன்சி எந்திரம் வைத்துச் செதுக்குகிறவர்களோ கிளாம்ப் பிடிக்கவென்றே பலகையின் ஓரத்தை வீணாக்குகிறார்கள். மனசு கேட்கவில்லை. பலகையின் அடியில் ஒன்று, மேசைமேல் ஒன்று என்று மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். நடுவே சூப்பர் குளூ விட்டு அரை நிமிஷம் அழுத்துங்கள். விளிம்பு வரை செதுக்கலாம். அடிப்பக்கம் தூசியில்லாமல், சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் டேப் பிடிக்காது. வேலை முடிந்ததும் டேப் உரிந்து வந்துவிடும். ஈட்டி மரம் வைரம் பாய ஒரு மனித ஆயுளே ஆகிறது; பலகை ஒருமுறை நழுவினால் அத்தனையும் போச்சு.