உடைத்த பானையின் விலை

2021 ஜூலை தொடக்கத்தில் ஓர் இரவு, காபூலுக்கு வடக்கே பக்ராம் விமானத் தளத்தில் மின்சாரம் நின்றுபோனது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அங்கே இருந்த அமெரிக்கப் படை கிளம்பிவிட்டிருந்தது. தளத்தைப் பொறுப்பேற்ற ஆப்கானியத் தளபதி அசதுல்லா கோகிஸ்தானிக்கு விஷயம் தெரியவந்ததே அவர்கள் போய் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான். அதற்குள் இருட்டில் கொள்ளைக்காரர்கள் புகுந்து கையில் அகப்பட்டதை அள்ளிப் போயிருந்தார்கள். விடிந்ததும் பார்த்தால் ஆயிரக்கணக்கான வண்டிகள் வரிசையாக நின்றன. பலவற்றுக்குச் சாவி இல்லை. கூடவே தளத்துச் சிறையில் சுமார் 5,000 தாலிபான் கைதிகள். போகப்போகிறோம் என்று முன்பே சொல்லியிருந்தோம், சரியான நேரத்தை மட்டும் பாதுகாப்புக் கருதிச் சொல்லவில்லை என்றது அமெரிக்கத் தரப்பு.

போனது சரியா தவறா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அந்தச் சாவி இல்லாத வண்டிகளைப் பற்றித்தான் அதில் யாரும் பேசுவதில்லை.

முதலில், அந்நியப் படை ஒரு நாட்டில் எந்த உரிமையில் நிற்கிறது? "கூப்பிட்டார்கள், வந்தோம்" என்பது வழக்கமான பதில். 1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததும் அந்நாட்டு அரசின் அழைப்பின் பேரில்தான் என்றது மாஸ்கோ. டிசம்பர் 27 அன்று அந்த அரசின் தலைவர் ஹபீசுல்லா அமீனை, அவர் இருந்த அரண்மனையைத் தாக்கிக் கொன்றதும் அதே படைதான். அழைப்பு நிஜமாகவே இருந்தாலும் அது ஆயுள் சந்தா அல்ல. 2020 ஜனவரி 5 அன்று இராக் நாடாளுமன்றம், அந்நியப் படைகள் வெளியேற வேண்டும் என்று தீர்மானம் போட்டது. சன்னி, குர்து உறுப்பினர்களில் பெரும்பாலோர் வராத அவை அது. தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது என்பதும் உண்மை. ஆனால் அமெரிக்க அதிபர் டிரம்ப் அந்த நுணுக்கத்துக்குள் எல்லாம் போகவில்லை. வெளியேறச் சொன்னால் பொருளாதாரத் தடை என்று மிரட்டினார். போ என்றதும் எழுந்து போகிறவனைத்தான் விருந்தாளி என்பார்கள்.

இருந்தே ஆக வேண்டும் என்பவர்களிடம் இதைவிட வலுவான வாதம் ஒன்று உண்டு. இராக் போருக்கு முன் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் அதிபர் புஷ்ஷுக்கு எச்சரிக்கையாகச் சொன்னதாக அறியப்படும் பானைக் கடை விதி அது: உடைத்தால் அது உன் பொருள். இதை லேசில் தள்ளிவிட முடியாது. 2003 மே மாதம் இராக்கின் இராணுவத்தை ஓர் ஆணையில் கலைத்து, லட்சக்கணக்கான ஆண்களை வேலையும் சம்பளமும் இல்லாமல் தெருவுக்கு அனுப்பியவர்கள், அடுத்த மாதமே மூட்டை கட்டியிருந்தால் அதை அறம் என்று யார் சொல்வார்கள்?

ஆனால் கடையில் என்ன நடக்கும் என்று யோசித்தால் ஓட்டை தெரியும். உடைத்தவன் விலையை வைக்க வேண்டும், அவ்வளவுதான். கடையிலேயே குடியேறு என்று எந்தக் கடைக்காரனும் கேட்பதில்லை. எவ்வளவு பாக்கி, எப்போது தீர்ந்தது என்பதையெல்லாம் கடன்பட்டவனே, அதுவும் தோளில் துப்பாக்கியோடு நின்று கணக்குப் பார்த்தால் அந்தக் கடன் தீரவே தீராது. எப்போது கேட்டாலும் இன்னும் ஓர் ஆண்டு பாக்கி இருக்கும்.

இதைச் சொல்லிவிட்டு 2022 மார்ச் 23ஆம் தேதியைக் கடந்து போய்விட முடியாது. அன்று காலை ஆப்கானிஸ்தானில் உயர்நிலைப் பள்ளிகள் பெண்களுக்குத் திறப்பதாகத் தாலிபான் ஆட்சியாளர்கள் அறிவித்திருந்தார்கள். மாணவிகள் புத்தகப் பையோடு வந்தார்கள். சில மணி நேரத்தில் முடிவு மாறிவிட்டது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள், மாணவிகள் அழுதுகொண்டே திரும்பினார்கள். அந்த டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவும் மூடியது. படை இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று அந்தப் பெண்களில் ஒருத்தி சொன்னால், அவளிடம் இறையாண்மை பற்றி வகுப்பெடுக்க எவருக்கும் யோக்கியதை இல்லை.

அதே நாட்டின் குந்தூஸ் நகரத்துக்குப் போனால் கணக்கு வேறு. 2015 அக்டோபர் 3 அதிகாலை அங்கே எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு நடத்திய மருத்துவமனையை அமெரிக்கப் போர் விமானம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் திரும்பத் திரும்பச் சுட்டது. 42 பேர் செத்தார்கள். கட்டடம் இருக்கும் இடத்தை அந்த அமைப்பு முன்பே படையினருக்குத் தெரிவித்திருந்தது. தவறுதலாக நடந்தது என்று விசாரணை முடிந்தது. சிலர் மீது துறை நடவடிக்கை, யார் மீதும் குற்ற வழக்கு இல்லை. கிராமங்களில் நள்ளிரவுச் சோதனைகளில் கதவு உடைபட்ட வீடுகளின் பெண்களும் பெண்கள்தான். பள்ளிக்கூடத்துப் பெண்ணின் இழப்பையும் இவர்கள் இழப்பையும் எதிரெதிர்த் தட்டில் வைப்பதே கூசுகிறது. ஆனால் இருபது ஆண்டுகளாக வைத்துத்தான் பார்த்தார்கள். தராசு பிடித்த கை மட்டும் காபூலிலும் இல்லை, குந்தூஸிலும் இல்லை. ஆக்கிரமிப்பின் குற்றம் அங்கேதான் தொடங்குகிறது. படை எவ்வளவு நல்லது செய்தாலும் அது மாறாது. ஆகவே போகத்தான் வேண்டும்.

போவதிலும் இரண்டு விதம் உண்டு என்பதற்கு அதே நாடு சாட்சி. 1989 பிப்ரவரி 15 அன்று தளபதி போரிஸ் குரோமவ் அமு தர்யா ஆற்றுப் பாலத்தை நடந்து கடந்தார். சோவியத் படை விலகி முடிந்தது. சில வாரங்களில் மாஸ்கோவின் ஆதரவில் நின்ற நஜிபுல்லா அரசு விழும் என்று பலர் நாள் குறித்தார்கள். விழவில்லை. ஜலாலாபாத் முற்றுகையைக்கூடத் தாக்குப்பிடித்தது. மாஸ்கோவிலிருந்து எரிபொருளும் ஆயுதமும் தானியமும் வந்துகொண்டே இருந்ததுதான் காரணம். 1992 தொடக்கத்தில் வரத்து நின்றது. ஏப்ரலில் அரசு சாய்ந்தது. கொடுமையான அரசுதான், அதற்காகக் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனால் அதை வீழ்த்தியது படை போனது அல்ல, பண்டம் நின்றது.

2021இல் அமெரிக்காவின் கடைசி விமானம் கிளம்பும் முன்பே ஆப்கான் அரசு மறைந்துவிட்டது. 2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் அமெரிக்காவும் தாலிபானும் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் ஆப்கான் அரசுக்கு நாற்காலியே இல்லை. ஆனால் 5,000 கைதிகள் வரை அது விடுதலை செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. ஆப்கான் விமானப்படையின் விமானங்களைப் பழுதுபார்த்தவர்கள் வெளிநாட்டு ஒப்பந்தக்காரர்கள். அவர்களும் படையோடு கிளம்பியதால் பல விமானங்கள் தரையில் நின்றன. தங்களை நம்பியே நிற்கும்படி ஒரு படையைப் பழக்கிவிட்டு, ஊன்றுகோலைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பிறகு, அவர்கள் போராட மனமில்லாத போரில் நாம் ஏன் சாக வேண்டும் என்று அதிபர் பைடன் கேட்டார். அந்தப் போரில் அமெரிக்கப் படையினர் 2,400 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆப்கான் படையினரும் போலீஸாரும் 60,000 பேருக்கு மேல்.

இலங்கையின் வடகிழக்கிலும் இதன் சாயல் உண்டு. இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் பேரில் 1987இல் போன இந்திய அமைதிப் படையை, 1989 ஜூலைக்குள் வெளியேறச் சொன்னார் இலங்கை அதிபர் பிரேமதாசா. தமிழர் பாதுகாப்பைக் காரணம் காட்டி இந்தியா தாமதித்தது. அதே படையின் கையில் அந்தத் தமிழர்கள் பட்டதை யாழ்ப்பாண மருத்துவமனை அறியும். 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையிலிருந்து கடைசிக் கப்பல் கிளம்பியது. இந்திய ஆதரவில் உருவான தமிழ் தேசிய இராணுவத்தில் வலுக்கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட பையன்கள் கரையில் நின்றார்கள். துப்பாக்கியைத் திணித்தவர்கள் போய்விட்டார்கள். அது கையில் இருந்த குற்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இவர்களாக இருந்தார்கள்.

ஆக, கடன் எல்லை தாண்டியும் கூடவே போகிறது. காபூல் தாலிபான் வசம் விழுந்ததும் ஆப்கான் மத்திய வங்கியின் சுமார் 700 கோடி டாலர் அமெரிக்காவில் முடக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் அதில் பாதியை ஆப்கான் மக்களுக்கென ஒதுக்குவதாகவும், மீதியைச் செப்டம்பர் 11 தாக்குதலில் பாதிக்கப்பட்டோரின் வழக்குகளுக்காக நிறுத்திவைப்பதாகவும் ஆணை வந்தது. தாலிபான் கையில் பணம் போகக்கூடாது என்ற கவலையில் நியாயம் உண்டுதான். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் சம்பளம் வராத ஆசிரியருக்கும் செவிலியருக்கும் அந்தத் தாக்குதலில் என்ன பங்கு?

காபூலில் அமெரிக்கத் தூதரகத்தை மூடும் அவசரத்தில், எதிரி கையில் சிக்கக்கூடாத காகிதங்களை எல்லாம் அழித்தார்கள். விசாவுக்காக ஆப்கானியர்கள் கொடுத்து வைத்திருந்த கடவுச்சீட்டுகளும் அதோடு போயின. தாலிபான்களிடம் சிக்கினால் ஆபத்து என்பதால் அழித்ததாகவும், அதுவே வழக்கமான நடைமுறை என்றும் சொன்னார்கள். 2021 ஆகஸ்டில் காபூல் விமான நிலையத்தின் வாசலில், சாக்கடைக் கால்வாயில் முழங்கால் அளவு நீரில் நின்றபடி, படையினரை நோக்கிக் காகிதங்களை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தது கூட்டம்.