பாரத்தில் எழுதும் எழுத்து



ஸ்கூடாயில் ஒரு வெள்ளிக்கிழமை, தேவார வகுப்பு முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் படிவத் தம்பி ஒருவன் தயங்கித் தயங்கி வந்தான்.

"அண்ணே, தனியார் கல்லூரிக்கு ஆன்லைன்ல பாரம் போடுறேன். எஸ்.பி.எம். டிரையல் ரிசல்ட்டை நாமளே டைப் பண்ணணும். கூடுதல் கணிதத்துல எனக்கு டி. சி பிளஸ்னு போட்டுட்டா என்ன? உண்மைப் பரீட்சையில எப்படியும் எடுத்துருவேன்."

"அப்போ அந்த டி?"

"யாருக்கும் கெடுதல் இல்லாத பொய், உண்மை மாதிரிதான்னு வள்ளுவரே சொல்லியிருக்காரே!"

பையன் விவரமானவன். வாய்மை அதிகாரத்தைப் படித்திருக்கிறான், பாதி மட்டும். குற்றமற்ற நன்மை தந்தால் என்றல்லவா வள்ளுவர் நிபந்தனை போடுகிறார்! பாரத்தில் ஏற்றிப் போட்ட கிரேடினால் நன்மை யாருக்கு? எழுதியவனுக்கு மட்டும்.

நம் நூல்களில் இரண்டு பேர் இதே மாதிரி இடம் கேட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவன் கர்ணன். பரசுராமரிடம் தன்னைப் பிராமணன் என்று சொல்லிச் சேர்ந்தான். சேர்ந்தவன் நன்றாகத்தான் படித்தான். ஒருநாள் குரு அவன் மடியில் தூங்கும்போது வண்டு தொடையைத் துளைத்தது. குருவின் தூக்கம் கலையக் கூடாதென்று அசையாமல் இருந்தான். அந்தப் பொறுமைதான் அவனைக் காட்டிக்கொடுத்தது. கற்ற அஸ்திரம் வேண்டிய நேரத்தில் மறந்துபோகும் என்று சாபம். சிவாஜியின் 'கர்ணன்' பார்த்து அழுத ஆள் நான். இன்றும் அவன்மேல் எனக்குக் கோபம் வராது. பிறப்பைக் கேட்டுக் கதவடைத்த உலகம் அவனைப் பொய்க்குத் தள்ளியது. ஆனாலும் சாபம் சாபம்தான்.

இன்னொருவன் சாந்தோக்கிய உபநிடதத்தில் வரும் சத்தியகாமன். கௌதமரிடம் போகுமுன் தாய் ஜபாலாவிடம் தன் கோத்திரத்தைக் கேட்டான். "பல வீடுகளில் வேலை செய்த காலத்தில் நீ பிறந்தாய், எனக்குத் தெரியாது" என்றாள் அவள். அவன் அதை அப்படியே போய் குருவிடம் சொன்னான். அன்றைய உலகில் அதைவிட மோசமான 'ரிசல்ட்' உண்டா? உண்மையிலிருந்து நீ விலகவில்லை என்று சொல்லி கௌதமர் சேர்த்துக்கொண்டார். பிறகு மெலிந்த 400 பசுக்களைக் கொடுத்து மேய்க்க அனுப்பினார். அவை 1000 ஆகும்வரை அவன் திரும்பவில்லை. இடம் கிடைத்தது, கஷ்டம் குறையவில்லை.

"அண்ணே, அது அந்தக் காலம்லா" என்றான் தம்பி.

இந்தக் காலமும் அப்படித்தான். அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாணவனே தன் பாடங்களையும் கிரேடுகளையும் பதிகிறான். விண்ணப்பிக்கும்போது சான்றிதழ் கேட்பதில்லை. இடம் கிடைத்த பிறகு பள்ளியிலிருந்து அதிகாரபூர்வப் பட்டியல் போகும். ஒத்துப்போகாவிட்டால் கிடைத்த இடமும் போகலாம். நம் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யூ.பி.யூ. மெரிட்டில் 90 விழுக்காடு கல்வி, 10 விழுக்காடு புறப்பாடம். அந்தப் பத்தில் ஒரு புள்ளி கூடினாலும் வரிசை மாறும். வரிசையில் நமக்குப் பின்னால் நிற்பதும் யாரோ ஒரு தோட்டத்து வீட்டுப் பிள்ளைதான்.

மாட்டிக்கொள்வோம் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நான் மாட்டிக்கொள்ளவே இல்லை. என் காலத்தில் பாரம் கையால் எழுதியது. தமிழ்மொழிக் கழகத்தில் வெறும் உறுப்பினராக இருந்துகொண்டு 'செயலாளர்' என்று எழுதினேன். யாரும் கேட்கவில்லை. இடம் கிடைத்தது. உண்மையான செயலாளர் என் பக்கத்து நாற்காலிக்காரன். அவனும் அதே படிப்புக்குப் போட்டான், கிடைக்கவில்லை. என்னால்தானா? தெரியாது. இன்றுவரை அவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் சாப்பாடு இறங்குவதில்லை.

இதை அன்றைக்குத்தான் முதல்முறை வாய்விட்டுச் சொன்னேன், அதுவும் ஒரு பதினேழு வயதுப் பையனிடம்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு போனை எடுத்தான். கோயில் வாசல் விளக்கில் நின்றே அந்தக் கட்டத்தில் டி என்று போட்டான். "கல்லூரிக்குப் போன் பண்ணி, எஸ்.பி.எம். ரிசல்ட் வந்ததும் மறுபடி பார்ப்பீங்களான்னு கேட்கலாமா அண்ணே?"

"கேளு. நாளைக்குக் காலையில, நான் கூட இருக்கேன்."